முப்பது லிட்டர் கூடுதல்

பாதி டாங்கி பெட்ரோல் இருந்தாலும், பங்க்கைக் கண்டால் மாமா வண்டியை உள்ளே திருப்பிவிடுவார். "எதுக்கும் கொஞ்சம் ஊத்துங்க" என்பார். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன். காரணம் பட்டம் வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

மாமா என் அம்மாவின் அண்ணன், தையல்காரர். அவருடைய காருக்கு அம்மாவைவிட வயது அதிகம். பதினெட்டு வயதில் அம்மா கல்லூரி நுழைவுத் தேர்வு எழுத, அவளை அதில்தான் அழைத்துப் போனார். பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்தது. போய்ச் சேர்ந்தபோது விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டின் முதல் பட்டதாரி என்று யாராவது என்னைப் புகழும்போது, அந்தப் பெருமை காலி டாங்கிக்குச் சேர வேண்டியதோ என்று தோன்றும்.

பல வருஷம் கழித்து அந்தத் தேர்வுக்கு இருந்த வயது வரம்பை எடுத்துவிட்டார்கள். நாற்பத்தேழு வயதில் அம்மா மறுபடி விண்ணப்பித்தாள். தேர்வு மையம் நானூறு கிலோமீட்டர் தள்ளி. நடுவில் வெகுதூரத்துக்குப் பங்க்கே கிடையாது.

"நான் பஸ்ல போய்க்கிறேன், அண்ணா."

"இந்தத் தடவையும் நான்தான்."

"அதான் பயமா இருக்கு."

கேனில் எடுத்துப் போகலாமே என்றேன். மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபத்தைந்து லிட்டர் டாங்கியைக் கழற்றிவிட்டு ஐம்பத்தைந்து லிட்டரில் புதிதாகச் செய்யச் சொன்னார். டிக்கியை அவரே இன்ச் டேப்பால் அளந்து, பழுப்புக் காகிதத்தில் வெட்டி வெல்டரிடம் கொடுத்தார். வந்த டாங்கி டிக்கிக்குள் இறங்கவே இல்லை.

வெல்டர் காகிதத்தை விரித்துப் பார்த்தார். "அண்ணே, சுத்தி அரை இன்ச் எதுக்கு விட்டீங்க?"

"தையலுக்கு."

"இது பாவாடை இல்லண்ணே, தகரம்."

வெட்டிக் குறைக்க நாள் இல்லை. ஸ்டெப்னி டயரை வெளியே எடுத்ததும் டாங்கி உட்கார்ந்தது. ஸ்டெப்னி பின்சீட்டில், அம்மாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டது.

விடியற்காலையில் புறப்பட்டோம். இருநூற்றிருபது கிலோமீட்டர் தாண்டியதும் பெட்ரோல் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. மாமா வண்டியை ஓரங்கட்டினார். அம்மா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நேத்து எவ்வளவு ஊத்தினே?"

"நிறைய."

"அப்ப அளந்து பாரு. அதானே உன் தொழிலு."

டேப்பின் நுனியில் சாவியைக் கட்டி டாங்கிக்குள் இறக்கினார். எட்டு அங்குலம் நனைந்திருந்தது, பாதிக்கு மேல். பெட்ரோல் அளவைக் காட்டும் பழைய மிதவையின் கம்பியை அப்படியே புது டாங்கியில் மாட்டியிருந்தார்கள். ஆழமான டாங்கிக்கு அதன் நீளம் போதவில்லை. அதற்கு எட்டாத பெட்ரோலெல்லாம் அதன் கணக்கில் இல்லை.

ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய்விட்டோம். தேர்வு மைய வாசலில் மாமா அம்மாவின் ரவிக்கைக் கையில் தொங்கிய நூலைக் கிள்ளி எடுத்தார்.

"பேனா இருக்கா?"

"மூணு இருக்கு."

"அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தார். அம்மா அசையாமல் நின்றாள். அவர் அந்த நூலை விரலில் சுற்றினார். "தண்ணி எடுத்துக்கிட்டியா?"

அம்மா உள்ளே போய்விட்டாள்.

"சொல்லியிருக்கலாமே, மாமா" என்றேன்.

"எழுதிட்டு வரட்டும்."

எழுதிவிட்டு வந்தாள். தேறினாள். இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அந்த ஒரு வார்த்தை மட்டும் மாமாவிடம் இன்னும் பாக்கி நிற்கிறது. அம்மா அதைக் கேட்கவும் இல்லை, தள்ளுபடி செய்யவும் இல்லை.