நாலு மணிக்கே வந்துவிடும் ரஞ்சி அக்கா

வேலை முடிந்து ஜெர்மனியின் எசன் ரயில் நிலையத்தில் நின்றபோது கணவர் தொலைபேசியில் அழைத்தார். "ரஞ்சி அக்கா போயிட்டாவாம். காலமை, ஆஸ்பத்திரியிலை." அழுகைக்கு முன்னால் ஒரு நினைப்புத்தான் வந்தது: எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தை முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அவரை அறிந்த உங்களிடம் மறைத்து என்ன செய்ய? அவர்மேல் எனக்கிருந்த அன்பில் பாதி பொறாமைதான்.

அக்காவின் நாட்கள் உங்களுக்குத் தெரியும். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, தேவாலயப் பாடகர் குழு, கோடையில் வாடகைத் தோட்டத்தில் கத்தரியும் மிளகாயும், மூன்று பிள்ளைகள். இதற்கு நடுவே மூன்று கதைத் தொகுப்புகள். எனக்கு ஒரே மகள், அரைநாள் வேலை. ஒரு நாவலின் முதல் அத்தியாயத்தையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். "அவவின்ரை வீட்டிலை ஆர் சமைக்கிறது?" என்று மற்றப் பெண்கள் நக்கலாகக் கேட்பார்கள். நானும் சிரிப்பேன். அதற்கு விடை தெரிய அவர்களைவிட எனக்குத்தான் ஆசை.

விடை, யூரோ வந்த வருடம் ஒரு பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் கிடைத்தது. ஒலிபெருக்கி பூட்டக் கணவர் முன்னதாகப் புறப்பட, நானும் போனேன். அழைப்பிதழில் நாலு மணி. நம்மவர் விழா ஆறரைக்கு முன் தொடங்காது என்பது யாருக்குத் தெரியாது? வெறும் மண்டபத்தின் கடைசி மேசையில், பட்டுச் சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட்டோடு அக்கா எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, இவ்வளவு வெள்ளன?"

"நான் வெள்ளனவே? கார்டிலை நாலு மணியெண்டு கிடக்கு."

"இப்பிடியோ எழுத நேரம் கண்டுபிடிக்கிறனீங்கள்?"

"நான் எங்கை கண்டுபிடிக்கிறது? எங்கட சனம் கிழமைக்குக் கிழமை ரெண்டரை மணித்தியாலம் சும்மா தருகுது. ஒருத்தரும் வாங்கிறேல்லை. இரும், நீரும் எழுதும். கதைக்கிறதெண்டால் மற்ற மேசைக்குப் போம்."

உட்கார்ந்தேன். உடனே பெண்ணின் மாமி மேடையிலிருந்து கூப்பிட்டார். "ரெண்டு பேரும் ஒருக்கா வந்து இந்தப் பலூனுகளை ஊதித் தாங்கோவன்."

"எனக்கு ஏலாது, வேலை கிடக்கு" என்றார் அக்கா, தலையை நிமிர்த்தாமல். நான் எழுந்து போனேன். சனம் வரும்வரை ஊதினேன். என் பக்கத்தில் மாமி, "பெருமைக்காரி" என்று முணுமுணுத்தார். எனக்கு எரிந்தது அக்காவின் கதைகளை நினைத்தல்ல, அந்த "ஏலாது" என்ற சொல்லை நினைத்து.

மாமி சொன்னதைப் பிறகு அக்காவிடம் சொன்னேன். "நல்லதுதானே. பெருமைக்காரியை அடுத்த முறை கூப்பிடமாட்டினம்" என்று சிரித்தார்.

போன சனிக்கிழமை அவருடைய நினைவுக் கூட்டம். அழைப்பில் நாலு மணி. அவருடைய கடைசி மேசையில் இருந்தே உரையை எழுதலாம் என்று வெற்றுத் தாள்களோடு சரியாக நாலுக்குப் போனேன். மண்டபம் நிறைந்திருந்தது. "அவவுக்குப் பிந்தி வாறது மரியாதையில்லை, பிள்ளை" என்றார் அதே மாமி. எழுதாத உரையோடு மேடையேறி நான் தடுமாறியதைப் பார்த்தீர்கள். அப்போதும் பொறாமைதான். யாருக்காகவும் நேரத்துக்கு வராத சனத்தை, இல்லாமல் போன பிறகும் வரவழைத்துவிட்டார்.

அன்று சொல்ல முடியாததை இன்று ஒரு பிறந்தநாள் மண்டபத்தில் இருந்து எழுதுகிறேன். அழைப்பில் ஐந்து மணி. கேக்கும் வரவில்லை, பிறந்தநாள் பிள்ளையும் வரவில்லை. சற்று முன் மேடையிலிருந்து ஒரு குரல்: "அக்கா, இந்தப் பலூன் சோடினைக்கு ஒருக்கா வாங்கோவன்."

ரஞ்சி அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரு சொல்தான். "ஏலாது" என்றேன். தலையை நிமிர்த்தாமல் சொல்ல இன்னும் பழகவில்லை.