விண்ணப்பப் பாரத்தில் கோழிக்கறி

மூன்று வருடம் இருக்கும். புலாவ் செபாங் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று. தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது, மத்தியானம் ஆனால் போதும், மழை பிடித்துக்கொள்ளும். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

நான் பாயா ரும்புட்டில் குடியிருக்கிறேன். ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த வாய் நாலு பேருக்கு உபயோகப்படட்டுமே என்றுதான் அலோர் காஜாவில் ஓர் உதவி இயக்கத்தில் சேர்ந்தேன். கஷ்டப்படும் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசி, எண்ணெய், பால்மாவு கொடுப்போம். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பெரியவர்கள் கட்டும் பேம்பர்சும் உண்டு. விண்ணப்பித்தவர் வீட்டுக்கு ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, பாரத்தை நிரப்பி வர வேண்டும். அது என் பொறுப்பு.

அன்று நான் போனது தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் கடைசி வீடு. கதவைத் திறந்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் வீட்டுக்காரர் ஸ்ட்ரோக் வந்து எட்டு மாதமாக ஹாலில் மெத்தையில் கிடந்தார். மரத்தடியில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா, அவரைத் தனியாக விட முடியாமல் அதையும் விட்டுவிட்டார். பழைய கைலிகளைக் கிழித்துத்தான் அவருக்குக் கட்டிவிடுவார். அந்த மழையில் துணி எங்கே காயும்? ஈரத்தோடு கட்டிக் கட்டி முதுகுக்குக் கீழே புண் வைத்துவிட்டது.

"அரிசிகூட வேணாம்மா. அந்தப் பேம்பர்ஸ் கெடைச்சாப் போதும் லா. இந்தப் புண்ண என்னால பாக்க முடியல," என்றார்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு எழுந்தேன். அக்கா விடவில்லை. "மத்தியான நேரத்துல வந்துட்டு வெறும் வயித்தோட போவியா? ஒக்காரு!" என்று ஒரு அதட்டு. சுடச்சுடச் சோறு, கோழிக்கறி, ரசம். காலையில் ஒரு ரொட்டித் துண்டோடு கிளம்பியவள் நான். வெட்கமே இல்லாமல் கறியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

வயிறும் மனசும் நிறைந்துபோய், பாரத்தின் கடைசியில் 'பார்வையிட்டவர் கருத்து' என்று இருந்த கட்டத்தில் எழுதினேன்: 'மிகவும் அன்பான குடும்பம். கோழிக்கறியோடு சாப்பாடு போட்டு உபசரித்தார்.' சத்தியமாகப் பாராட்டாகத்தான் எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்துச் செயற்குழுக் கூட்டம். உதவி கிடைப்பவர்கள் பட்டியலில் அக்காவின் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டேன். தலைவர் என் பாரத்தை எடுத்து, நான் எழுதியதையே எல்லார் முன்னாலும் வாசித்தார்.

"கோழிக்கறி போட முடிஞ்சவங்களுக்குப் பேம்பர்ஸ் வாங்க முடியாதா? உண்மையான ஏழைங்க எத்தன பேரு காத்திருக்காங்க. அடுத்த வருஷம் திரும்பப் போடச் சொல்லுங்க லா."

இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. கத்தினேன், புண்ணைப் பற்றிச் சொன்னேன், ஒன்றும் எடுபடவில்லை. என் கையாலேயே எழுதிக் கெடுத்திருக்கிறேன், வேறு யாரைச் சொல்ல?

மறுநாள் வேலை முடிந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கோழி, முதல் நாள் முனியாண்டி கோயில் பூசையில் அறுத்ததாம். லயத்தில் வீட்டுக்கு ஒரு பங்கு கொடுப்பார்களாம். தன் பங்கைத்தான் எனக்கு ஆக்கிப் போட்டிருக்கிறார்.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். "இனிமே யாராச்சும் பாக்க வந்தா ஒண்ணும் குடுக்காதீங்கக்கா. பச்சத்தண்ணியோட அனுப்பிடுங்க," என்று புத்தி சொன்னேன்.

அக்கா முகம் மாறிவிட்டது. "ஏம்மா, நான் ஏழைன்னு காட்டுறதுக்கு என் வீட்டுக்கு வந்தவங்களப் பட்டினி போடணுமா? எங்கிட்டப் பணந்தான் இல்ல. மானம் இல்லன்னு யாரு ஒனக்குச் சொன்னா?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. தப்பு பாரத்தில் மட்டும் இல்லை, என் மண்டையிலும் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

அன்றே தலைவருக்குப் போன் போட்டேன். "நீங்களே நேர்ல வந்து பாருங்க. வரலன்னா இனிமே ஒரு வீட்டுக்கும் நான் போக மாட்டேன்." அந்த மழையில் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் போக வேறு ஆள் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். சனிக்கிழமை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

உள்ளே போய்க் குனிந்து புண்ணைப் பார்த்தார். நின்றபடியே பேனாவை எடுத்து, "சரிம்மா, கையெழுத்துப் போட்டுடறேன்," என்றார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், அக்கா கையில் தட்டோடு சமையலறையிலிருந்து வருகிறார்! சோறு, சார்டின் மீன் குழம்பு, பொரித்த முட்டை. எனக்கு உயிரே போய்விட்டது. வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அக்கா என்னைப் பார்த்தார், பார்க்காதது போல் தட்டைத் தலைவர் முன்னால் வைத்தார்.

"எனக்கு நேரமில்லம்மா," என்றார் தலைவர்.

"சாப்பிட்டுக் கையெழுத்துப் போடுங்க ஐயா. எங்க வீட்டுச் சோறு வேணாம்னா, உங்க பேம்பர்சும் எங்களுக்கு வேணாம்."

மெத்தையிலிருந்து ஒரு சத்தம். வீட்டுக்காரர், கோணிப்போன வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

தலைவர் தட்டைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார். அப்புறம் பேனாவைப் பைக்குள் போட்டுவிட்டு, கை கழுவி உட்கார்ந்தார். முதலில் பேருக்கு இரண்டு வாய்தான். பிறகு அவரே, "கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க," என்று கேட்டார். சாப்பிட்டு முடித்து, ஈரம் காயாத கையோடு கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரமே பேம்பர்ஸ் போனது. தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் புண்ணும் ஆறத் தொடங்கியது. எங்கள் கூட்டங்களில் இன்றைக்கும் யாராவது 'உண்மையான ஏழை' என்று ஆரம்பித்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்; அக்கா அன்று தட்டை வைத்துவிட்டு என்னையும் தலைவரையும் பார்த்த பார்வைதான் கண் முன்னால் நிற்கும், அந்தக் கோபத்தை நான் ஆற விடுவதே இல்லை.