அண்ணா கழற்றி வைத்த பிரேக் பட்டைகள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர், நண்பர் யாவருக்கும் வணக்கம். என் தமையனார் எங்களைவிட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவனே என்பதால், எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. பிழையிருந்தால் பொறுத்தருள்க.

அண்ணா ஆனேக்கலில் பிறந்தார். தகப்பனார் காலமானதும் மோட்டார் ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து, பிறகு டிரைவரானார். ஒக்கலிபுரத்தில் பஸ் ஒன்று வைத்திருந்த பெரியவர் தம் மகளை அவருக்குக் கொடுத்து, வீட்டோடு மாப்பிள்ளையாக வைத்துக்கொண்டார். அந்த வீட்டுச் சோற்றில்தான் நானும் வளர்ந்தேன். அண்ணா ஓட்டிய பஸ், அவர் படுத்த அறை, என் பள்ளிச் சம்பளம் எல்லாம் மாமனாருடையவை. எதையும் எதிர்த்துப் பேச அண்ணாவுக்கு இடமில்லை.

பிரேக் விஷயத்தில் மட்டும் பேசினார். வாரந்தோறும் சக்கரங்களைக் கழற்றி, டிரம் என்னும் இரும்பு வளையத்துக்குள் அழுந்தி வண்டியை நிறுத்தும் பட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். பிரேக் மிதி முன்னைவிடக் கீழே போனாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ வாரம் முடியக் காத்திருக்க மாட்டார். புறப்பட்ட இடத்திலேயே ஒருமுறை மிதித்து நிறுத்துவார்.

"ஏனப்பா டிரைவரே, அதுக்குள்ள ஊரு வந்திடுச்சா?" என்று பயணிகள் சிரிப்பார்கள்.

"வரணும்னுதான் பாக்கறேன்" என்பார்.

யுத்தம் வந்து, புதுப் பட்டை கிடைப்பது அரிதாயிற்று. ஆனேக்கல் தேருக்கு முந்தின நாள் காலை பின்சக்கரங்களைத் திறந்தபோது, பட்டை முழுதும் தேய்ந்து, அதைப் பிடித்திருந்த ரிவெட் தலைகள் டிரம்மை உரசத் தொடங்கியிருந்தன.

"பிரேக் கம்பியை இன்னும் ரெண்டு சுத்து முறுக்குங்க மாப்ளே. தேர் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மாமனார்.

"முறுக்கினா மிதி மேல வரும் மாமா. தேஞ்ச பட்டை வளராது. நாளைக்குக் கூரை மேலயும் ஆளுங்க ஏறுவாங்க. எறக்கத்துல நிக்காது."

"அப்ப நீங்க வூட்ல குந்துங்க. இந்த ஊர்ல வேற டிரைவரே இல்லியா?"

அண்ணா பட்டைகளை அவற்றைத் தாங்கும் இரும்போடு கழற்றி, சாக்கில் சுற்றி, தம் அறைக்குள் கொண்டுபோய் வைத்தார்.

"சோறு போட்ட வூட்டுக்கு நல்லா செஞ்சீங்க மாப்ளே!" என்று மாமனார் தெருவே கேட்கக் கூவினார்.

"திட்டுங்க மாமா. வண்டிய மட்டும் எடுக்காதீங்க."

தேரன்று பஸ் ஓடவில்லை. பின்னர் எங்கெங்கோ அலைந்து புதுப் பட்டை வாங்கிப் பொருத்தினார்கள். ஆனால் அன்றுமுதல் மாமனார் அண்ணாவிடம் நேராகப் பேசவில்லை. ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "நாளைக்குக் கல்யாண சவாரி இருக்குதாம், உன் வூட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா" என்பார். அண்ணாவும் அண்ணியாரிடமே பதில் சொல்வார். நடுவில் நின்ற அண்ணியார் பட்ட பாட்டை நான் அறிவேன்.

எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்ததும், "தனி வூடு பாத்துப் போயிடலாம்ணா" என்றேன்.

"நான் எறங்கினா அந்த சீட்ல வேற ஒருத்தன் குந்துவான். கம்பிய முறுக்கி முறுக்கியே ஓட்டுவான். எப்படிடா போறது?" என்றார்.

ஜுரத்தில் படுத்த கடைசி நாட்களிலும், வண்டியை யார் எடுத்தது, டிரம்மைத் திறந்து பார்த்தார்களா என்றே கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கவலையோடே கண்ணை மூடினார்.

வீடு தேடி வந்து வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், முறைவைத்துத் துணையிருந்த அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த டிரைவர் அன்பர்களுக்கும் எங்கள் நன்றி. இம்மலரின் அச்சுச் செலவை ஏற்றவர் அண்ணாவின் மாமனார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டினேன். தேர் நாளைப் பற்றி, 'அண்ணா பிடிவாதமாக வண்டியை நிறுத்தினார்' என்று முதலில் எழுதியிருந்தேன்.

"அந்த வரிய அடிச்சிடு" என்றார். "மாப்ளே சொன்னது சரி, மாமனார்தான் கேக்கலன்னு போடு. எல்லாரும் படிக்கட்டும்."

அவர் சொன்னபடியே போட்டிருக்கிறேன். கேட்டு ஆறுதலடைய அண்ணாதான் இல்லை.