தலை இடிக்கும் மாடிப்படி

பாகூரில் எனக்குப் பெண் தரவிருந்தவர் புது வீடு கட்டப்போவதாகவும், அதற்கு முன் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வீடுகளைப் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார். எல்லா வீட்டுக்குள்ளும் போயிருக்கிறேன் என்று அளந்துவிட்டு, நல்ல மாடிப்படி உள்ளதாக ஐந்து வீடு எழுதிக் கொடுத்தேன். உண்மையில் ஒரு வாசலையும் நான் தாண்டியதில்லை.

மாட்டுவண்டியில் இருவரும் புதுச்சேரிக்குப் போனோம். முதல் வீட்டில், முன்பின் தெரியாத காவல்காரர் நான் மாட்டிக்கொண்டதை என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

“வா தம்பி, ரொம்ப நாளா காணோமே. இன்னிக்குத் தொரை இருக்காரு, உள்ள வுட முடியாது.”

பெண் வீட்டுப் பெரியவர் முகம் மலர்ந்தது. “மத்த வூடு எதுக்குப்பா? நீதான் எல்லாப் படியும் பாத்திருக்கியே. நீயே நின்னு கட்டிடு.”

கட்டினேன். முப்பது வருடமாக அந்த மாடிப்படியில் தலை இடிக்கிறது. மாமனார் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு முன்னால் குனிந்து ஏறுவார், அவ்வளவுதான்.