ஆமை ஓட்டிய ஆம்புலன்ஸ்

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவருக்கு ஆமை என்று பட்டப்பெயர் இருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? மற்ற டிரைவர்கள் வாய்க்கு வாய் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் அசைந்துகொடுக்க மாட்டார். குறைமாதத்தில் பிறந்த சிசுக்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வண்டி அது. "ஒரு குலுக்கல் போதும்டா, அந்தப் பிஞ்சு மூளையில ரத்தம் கசிய. உங்க வீரத்தையெல்லாம் காலி வண்டியில காட்டுங்க" என்பார்.

அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் காலையில்தான் தகப்பனாகியிருந்தான். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி ஊர்ந்து ஏறி ஊர்ந்து இறங்க, அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ், மிதிய்யா! உன் பிள்ளையா இருந்தா இப்படி உருட்டுவியா?"

"என் பிள்ளைன்னாலும் இப்படித்தான் தம்பி."

பாலம் இறங்கும்போது, பின்னால் குழந்தையோடு இருந்த நர்ஸ் தடுப்புக் கண்ணாடியை இரண்டு முறை தட்டினாள். உயிர் போய்விட்டால் அப்படித் தட்டுவது அவர்களுக்குள் வழக்கம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கை தானாகப் போய் சைரனை அணைத்தது.

அவன் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு திரும்பிக் கண்ணாடி வழியே நர்ஸின் முகத்தைப் பார்த்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் இன்னொரு வேகத்தடை இருந்தது. கண்ணில் நீர் மறைத்ததில் அவருக்கு அது தெரியவில்லை. வண்டி வந்த வேகத்திலேயே அதை நோக்கிப் போனது. அவன்தான் பதறி அவர் கையைப் பிடித்தான்.

"மெதுவாண்ணே," என்றான். "உள்ள பிள்ளை இருக்கு."