வட்டம் பார்க்க வந்தவர்

திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டு போடுவது என் வேலை. அங்கே வந்து என் உயிரை வாங்கிய ஒரு ஆராய்ச்சி மாணவர் இருந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். ஒல்லி, எந்நேரமும் விரலில் பச்சைக் கறை. செடியை வேர்விட வைக்கும் ஹார்மோனோடு செம்பைச் சேர்த்துப் பொடியாக்கிக் கொண்டுவருவார். அது கிருமியைக் கொன்றால்தான் அவருக்கு முனைவர் பட்டம்.

பொடியைத் தட்டில் வைத்தால், அதைச் சுற்றிக் கிருமி செத்த இடம் தெளிந்த வட்டமாகத் தெரியும். மூடியைத் திறக்காமலே அளக்கலாம். இந்த ஆளோ திறந்து, மூக்கை உள்ளே விட்டு, "ஏனுங்க மேடம், செத்துச்சுங்களா?" என்பார். அவர் மூச்சுப் பட்டு எத்தனை தட்டு பாழ்!

ஒருவழியாகப் பெரிய வட்டம் விழுந்தது. தொல்லை ஒழிந்தது என்று நினைத்தேன். மறுநாளே இன்னொரு குப்பியோடு வந்து, அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன். அதே அளவு வட்டம்.

"இது என்னய்யா?"

"வெறும் மயில்துத்தமுங்க, செம்பு உப்பு. எங்கப்பா திராட்சைக்கு அடிக்கிறது. செம்பு அளவு ரெண்டுலயும் ஒண்ணுதானுங்க. ஹார்மோன் ஒண்ணுமே பண்ணலைங்க மேடம்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இதைப் போடச் சொல்லி எவனாவது கேட்டானா? பேசாம எழுதிக் குடுத்திருந்தா பட்டம் வந்திருக்கும்ல?"

"வந்திருக்குமுங்க" என்றார். ரெண்டு வட்டத்தின் அளவையும் நோட்டில் குறித்துக்கொண்டார். "அடுத்து ஹார்மோனைத் துத்தநாகத்தோட சேத்துப் பாக்கலாங்க. பக்கத்துலயே வெறும் துத்தநாகத்தையும் வச்சிருங்க மேடம்."

திட்டிக்கொண்டே தட்டு போட்டேன். அந்த ஆளை எந்த ரகத்தில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.