சத்தம் பார்க்கிறவர்

மணி ஒன்று. பக்கத்து வீட்டு விசைத்தறிகள் சாப்பாட்டுக்காக நின்றதுமே பாலசுந்தரம் எழுந்துவிடுகிறார். மின்விசிறியை அணைக்கிறார். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குகிறார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் திணிக்கிறார். பிறகு, மூடி கழற்றிய கம்ப்யூட்டரின் பக்கத்தில் முட்டி போட்டு, வலது காதை ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு என்னை நோக்கி ஒரு விரலை உயர்த்துகிறார்.

"மூச்சு வுடாத இரு சார். அஞ்சே செகண்டு."

ஆந்திர எல்லை ஊரான நகரியில் அந்தத் தெருவில் காதுக்கு வேலை இருப்பது இந்த ஒரு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் தறி அடித்துக்கொண்டிருக்கும். எதிரில் நிற்பவரிடம் டீ வேண்டுமா என்று கேட்பதற்குக்கூடக் கை ஜாடைதான். அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கிராபிக்ஸ் கார்டின் விசிறி எவ்வளவு இரைகிறது என்று ஆராய்கிறவர் அவர். "மீன் மார்க்கெட்டுல குந்திகினு ஊதுவத்தி மோந்து பாக்கறவன் சார் நானு" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

நாற்பத்தாறு வயது. கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது தொழில். அந்த வேலை வேகமாக நடக்கக் கம்ப்யூட்டரில் நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். கார்டு உழைத்தால் சூடாகும். சூட்டைத் தணிக்க அதன் மேலேயே குட்டி விசிறிகள் சுழலும். அந்த இரைச்சலில் நாதஸ்வரத்தைச் சரியாகக் கேட்க முடியவில்லை என்று பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஆரம்பித்த ஆராய்ச்சி, இன்று தொழிலைவிடப் பெரிதாகிவிட்டது. புத்தூரிலிருந்து காளஹஸ்தி வரை எந்த வீடியோக்காரர் கார்டு வாங்கினாலும் முதலில் இவருக்குத்தான் போன் வரும். "அண்ணா, சவுண்டு எக்குவா தக்குவா?" என்று, சத்தம் அதிகமா குறைவா என்பதைத் தெலுங்கில் கேட்பார்கள். இவர் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார்.

டெசிபல் கணக்கெல்லாம் செல்போனில் பார்த்துக் குறித்துக்கொள்வார். ஆனால் தீர்ப்பு சொல்வது தன் பாஷையில். ஒற்றை விசிறி கார்டு என்றால், "ரேணிகுண்டாவுல சிக்னலுக்கு நின்னுகினு இருக்குற டீசல் இன்ஜின்." இரட்டை விசிறி, "பந்தி நடக்கற மண்டபம், பொறுத்துக்கலாம்." மூன்று பெரிய விசிறிகள் கொண்டது, "பெருமாள் தூங்கற சத்தம்." காரணமும் சொல்வார். "பெரிய ஃபேனு மெதுவா சுத்துனாலே காத்து போதும் சார். சின்னது பாவம், பறந்து பறந்து சுத்தணும். குள்ளமா இருக்கறவன்தான் ஜாஸ்தி கத்துவான். என்னயே பாரு." அவருடைய உயரம் ஐந்தடி இரண்டங்குலம்.

என் கதையையும் சொல்லிவிட வேண்டும். நான் புத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். நான் எழுதியதை நானே வாசித்துப் பதிவு செய்து இணையத்தில் போடும் வியாதி இரண்டு வருடமாக இருக்கிறது. கேட்பவர்கள் பதினொரு பேர். அதில் மூன்று எங்கள் வீட்டுச் செல்போன்கள். மிச்சம் எட்டுப் பேருக்காக, கம்ப்யூட்டர் இரைச்சல் இல்லாமல் பதிவு செய்ய வேண்டும் என்று நான் பாலசுந்தரத்திடம் போனேன். மூன்று கார்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்தினார். நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, முப்பத்து நான்கு என்று டெசிபல் வந்தது. மூன்றாவதை எடுத்துக் குழந்தையைப் போலத் துணியில் சுற்றிக் கொடுத்தார். "மல்லிப்பூ வுழற சத்தம்கூட வராது சார். வரட்டும், என் காதை அறுத்துக்கறேன்."

வீட்டில் அதைப் பொருத்திய பிறகு, பதிவு செய்ததில் என் குரலுக்குப் பின்னால் மெல்லியதாக ஒரு கீச்சு கேட்டது. வயதாகிறது, தொண்டை போய்விட்டது என்று நினைத்தேன். இரண்டு நாள் மிளகுப் பால் குடித்தேன். மூன்றாம் நாள் என் மகள் நளினி கேட்டுவிட்டு, "நைனா, அது உன் தொண்ட இல்ல. அந்த டப்பா விசிலடிக்குது" என்றாள். அடுத்த சனிக்கிழமை கார்டைத் துணியில் சுற்றிக்கொண்டு நகரிக்குப் பஸ் ஏறினேன்.

பாலசுந்தரம் நம்பவில்லை. ஒரு மணிக்குத் தறி நின்றதும் கார்டைப் பொருத்தி முட்டி போட்டார். ஐந்து செகண்டு, பத்து செகண்டு. "ஒண்ணுமே இல்லியே சார்" என்றார். எனக்கோ பல் கூசியது. அப்போது சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்த அவருடைய மனைவி காஞ்சனா, கதவருகிலேயே நின்று ஒரு காதைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாங்க அது, கொசு கத்தற மாதிரி! போன வருசம் வச்சிருந்தீங்களே, அதே இழவு."

"போன வருசமா? அப்ப இன்னாத்துக்குச் சொல்லல?"

"உங்களுக்குக் கேக்கலியா? நீங்க சத்தத்துல பெரிய ஆளு. தெரிஞ்சேதான் வச்சிகினு இருக்கீங்கன்னு நெனச்சேன்."

நான் என் பதிவை அவருடைய கம்ப்யூட்டரில் போட்டு, ஒலியைப் படமாகக் காட்டும் ஜன்னலைத் திறந்தேன். என் குரல் கீழே மேகம் மேகமாகக் கிடந்தது. மேலே, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை, அடிக்கோல் வைத்துப் போட்டதுபோல ஒரு வெள்ளைக் கோடு. விசிறியின் சத்தம் அல்ல அது. விசிறிக்குக் கீழே இருக்கும் கம்பிச் சுருள்கள் மின்சாரத்தில் அதிர்ந்து போடும் விசில். பாலசுந்தரம் அந்தக் கோட்டில் விரலை வைத்தார். ஹெட்போனை மாட்டினார். கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"கண்ணுக்குத் தெரியுது சார்" என்றார். "காதுக்குத் தெரியல."

திருப்பதியில் காது பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வெகு நேரம் அவர் அழுத்தவே இல்லை. மெஷின் ரிப்பேர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பரிசோதித்த பெண் தாளை நீட்டி, "எத்தனை வருஷம் தறியில இருந்தீங்க?" என்று கேட்டார். நாலு தறி ஓடும் வீட்டில் பிறந்து, இருபது வயது வரை அவற்றின் நடுவிலேயே தூங்கி எழுந்தவர் என்ன சொல்வார்? தாளில், கீழ்ச்சுருதி ஒலிகளில் நேராக வந்த கோடு, கீச்சென்ற உச்சச்சுருதி ஒலிகளுக்கு வந்ததும் தலைகுப்புற இறங்கியிருந்தது.

"மலப்பாதைல பிரேக் புட்டுகின பஸ்ஸு மாதிரி எறங்குது பாரு சார்" என்று எனக்குக் காட்டினார். அந்தப் பெண் சிரித்தார். அவரும் சிரித்தார். திரும்பும் பஸ்ஸில் நான் என் ஊரில் இறங்காமல் அவரோடு நகரிக்கே போனேன். புத்தூர் தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "சத்தியவேட்டுல ஒருத்தரு பொண்ணு கல்யாண வீடியோவத் திருப்பிக் குடுத்தாரு சார். நாதஸ்வரம் காதக் கீறுதுன்னு. உங்களுக்கு ரசனை இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். எனக்குக் கேக்கலன்னுதான் அந்தச் சத்தத்தையெல்லாம் ஏத்தி ஏத்தி வச்சிருக்கேன் போல." கொஞ்சம் பொறுத்து, "செவுடன் காதுல சங்கு ஊதுவாங்கன்னு கேட்டிருக்கேன். நம்ம கதையில செவுடனே சங்குக் கடை வச்சிருக்கான்" என்றார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையிலிருந்து, தான் சொல்லிக் கார்டு வாங்கிய இருபத்தேழு பேருக்கும் வரிசையாகப் போன் செய்தார். "தம்பி, உன் கார்டு விசிலடிக்குதா? மறைக்காம சொல்லு." ஒன்பது பேர் ஆமாம் என்றார்கள். காளஹஸ்தி யஸ்வந்த், "மூணு வருசமா அடிக்குதுண்ணா. நீங்களே நல்லதுன்னு சொன்னதால எங்க காதுலதான் கோளாறுன்னு நெனச்சிகினு இருந்தோம்" என்றான். கம்ப்யூட்டர் பெட்டியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டித்தான் அவன் வேலை செய்துகொண்டிருந்தானாம். பாலசுந்தரம் போனை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் முகம் கழுவப் போனார். திரும்பி வர நேரமாயிற்று.

சத்தியவேட்டுக்காரரிடம் தானே போய் மன்னிப்புக் கேட்டு, அந்த வீடியோவை வாங்கி வந்தார். காஞ்சனாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, நாதஸ்வரத்தின் கீறலை மனைவி சொல்லச் சொல்ல இறக்கினார். காஞ்சனா நாராயணவனத்தில் கடலை பயிரிடும் வீட்டில் பிறந்தவர். தறிச் சத்தத்துக்கு வந்து சேர்ந்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். மூன்று நாள் வேலை. "முகூர்த்தத்துக்கு இவ்ளோ நேரமா? எனக்குத் தாலி கட்டறப்ப அஞ்சு நிமிசத்துல முடிச்சிட்டீங்க" என்று நடுவில் எழுந்து போய்க் குழம்பைப் பார்த்துவிட்டு வந்தார். எனக்குப் பாலசுந்தரம் தன் சொந்தக் கார்டையே கழற்றிக் கொடுத்துவிட்டார், காஞ்சனா கேட்டுச் சரி சொன்ன பிறகு. என் பதிவுகள் இப்போது சுத்தமாக இருக்கின்றன. கேட்பவர்கள் ஒன்பது பேராகிவிட்டார்கள். விசிலுக்காகத்தான் அந்த இரண்டு பேர் கேட்டார்கள் போலிருக்கிறது.

பாலசுந்தரம் காதில் மாட்டும் கருவி வாங்கியிருக்கிறார். எதிர்வீட்டில் யாரோ அப்பளம் கடித்தது கேட்டதாக முதல் நாள் பெருமைப்பட்டார். ஆனால் கருவியோடு கார்டைச் சோதிக்க மாட்டார். "அது மெஷினு கேக்கறது சார், நான் கேக்கறது இல்ல" என்கிறார்.

போன வாரம் போயிருந்தபோது திலீப் என்கிற புதிய வாடிக்கையாளர் புத்தூரிலிருந்து ஒரு கார்டு கொண்டுவந்திருந்தார். ஒரு மணிக்குத் தறி நின்றதும் பாலசுந்தரம் அதைப் பொருத்தினார். விசிறிகள் மூன்றும் சுழல ஆரம்பித்தன. இந்தத் தடவை அவர் முட்டி போடவில்லை. கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த காஞ்சனாவையே பார்த்துக்கொண்டு நின்றார். காஞ்சனாவின் புருவங்களுக்கு நடுவில் ஒரு சுருக்கம் விழுந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் பாலசுந்தரம் கையைப் பின்னால் நீட்டி ஸ்விட்சை அணைத்துவிட்டார்.

"வேணாம் தம்பி. விசிலடிக்குது."

"உங்களுக்குக் கேட்டுச்சாண்ணா?" என்றார் திலீப்.

பாலசுந்தரம் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் மனைவியின் நெற்றியைக் காட்டினார்.